இடக்கை முடிச்சு

கடையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வள்ளிக்கண்ணு முதலில் கையைத்தான் தேய்ப்பாள். சாம்பலையும் சீயக்காய்த் திப்பியையும் சேர்த்து, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துக்கொண்டே இருப்பாள். வாழைக்கறை அதற்கெல்லாம் போகாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தேய்க்காத கையால் ரூபாய் நோட்டைத் தொடமாட்டாள். சில்லறைக்கு அந்த மரியாதை கிடையாது. அது எப்படியும் கிடக்கலாம். நோட்டுகளை மட்டும் நீளவாக்கில் மடித்து, காய்ந்த வாழைச்சருகில் சுருட்டி, நாரை நாக்கில் நனைத்து, இடது கையால் இழுத்து முடிச்சுப் போடுவாள். வலது கட்டைவிரலின் நுனியை என்றைக்கோ இலை அறுக்கும் கத்தி கொண்டுபோய்விட்டது. அதனால் அவள் போடும் முடிச்செல்லாம் இடப்பக்கமாகத் திரும்பியே விழும். பொட்டலம் பிறகு சுவரில் ஆணியில் தொங்கும் மாமனாரின் பழைய குடைக்குள் போகும். துணி கிழிந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குடையை இருபது வருஷமாக யாரும் விரித்ததில்லை. எப்போதாவது யாராவது கேட்டால், "மழைக்கு ஆகாது, அடிக்க ஆகும்" என்பாள்.

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தடியில் இலை விற்கிறவள். ஏகாதசியன்று ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாள் துவாதசி விடியும்போது உத்தர வீதிக்காரர்களும் சித்திரை வீதிக்காரர்களும் ஒரே நேரத்தில் பசித்து எழுந்து நுனி இலைக்கு அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஒரு இலைக்கு ஒரு காசு கூடுதலாகச் சொல்லுவாள், குறைக்கமாட்டாள். கருமி என்று பெயர்.

திருவெள்ளறையிலிருந்து பதினைந்து வயதில் கட்டிக்கொண்டு வந்தவள். வந்த நாளிலிருந்து பணம் மாமியாரின் இடுப்பில் இருந்தது. மாமியார் தளர்ந்த பிறகு புருஷன் ராமரின் இடுப்புக்குப் போயிற்று. உப்பு வாங்கவும் கையை நீட்டவேண்டும், மீதியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் கையை நீட்டவேண்டும். முப்பத்தெட்டாவது வயதில் இலைக்கடை போட்ட பிறகுதான் கேட்காமலே கைக்கு ஒரு ரூபாய் வந்தது. அந்த முதல் ரூபாயோடு அவள் தெருவில் நடந்தபோது எல்லாரும் தன் இடுப்பையே பார்ப்பதுபோல் இருந்ததாம். காசு இருந்தால் ஒரு வெட்கம், இல்லாவிட்டால் ஒரு பயம். நாற்பத்தாறு வயதிலும் இரண்டும் தீரவில்லை. ஒரே மகள் துறையூரில் வாழ்க்கைப்பட்டு, வரும்போதெல்லாம் குடையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு நாலு முழம் தள்ளித் துளசியும் கதம்பமும் விற்றுக்கொண்டு இருளாயி உட்கார்ந்திருந்தாள். ராமரின் தம்பி பிச்சையின் பெண்டாட்டி, ஓரகத்தி. இரண்டு பேருக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. மாமியார் செத்த அன்று வள்ளிக்கண்ணு குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குடத்தோடு திரும்புவதற்குள் கிழவியின் கையில் கிடந்த வெள்ளிக்காப்பு இரண்டும் இருளாயியின் கைக்கு ஏறியிருந்தன. "அவங்களே எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் இருளாயி. முதல் நாள் காலையிலிருந்தே கிழவிக்கு நாக்கு விழுந்து பேச்சு நின்றிருந்தது ஊருக்கே தெரியும்.

பேச்சில்லை என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. சாடை இருந்தது. கோயில் வாசலில் திரியும் ஆடு ஒன்று இரண்டு பேருக்கும் பொது.

"ஏ ஆடே, அந்தப் பக்கம் போவாத. அங்க சருகைக்கூட எண்ணி வச்சிருப்பாங்க" என்று இருளாயி ஆட்டிடம் சொல்லுவாள்.

வள்ளிக்கண்ணு ஒரு கிழிந்த வாழை ஏட்டை ஆட்டின் முன்னால் போடுவாள். "நீ தின்னு தாயி. நீ என்ன, பொணத்து கையில காப்பா கழட்டின?"

ஆடு இரண்டு பக்கமும் தின்று கொழுத்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில் கொள்ளிடக்கரைத் தோப்பு ஒன்று இலைக் குத்தகைக்கு வந்தது. வேதாந்தம் அய்யங்காரின் தோப்பு. முன்பணமாக நூற்றிநாற்பது ரூபாய் கட்டினால் ஒரு வருஷம் பூரா இலை அறுத்துக்கொள்ளலாம். அதுவரை மண்டியில் விலைக்கு வாங்கித்தான் விற்றுக்கொண்டிருந்தாள். மண்டிக்காரர் மேலாக நாலு நல்ல இலையும் உள்ளே கிழிசலுமாகக் கட்டிக் கொடுப்பார். கேட்டால், "வேணாம்னா வச்சிட்டுப் போ" என்பார். எட்டு வருஷமாக அவள் வைத்துவிட்டுப் போனதில்லை. குடையில் சேர்வதும் மண்டிக்கும் மாதச் சீட்டுக்குமே சரியாகப் போயிற்று.

வேதாந்தத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏண்டி வள்ளி, ஒன்னால முடியுமோ? நூத்திநாப்பது ரூபாய்டி. நாலணா எட்டணா சமாசாரமில்லை."

"முடியும் சாமி."

"சித்திரை பொறக்கறதுக்குள்ளே கொண்டுவந்து வச்சுடணும். அப்புறம் வந்து கண்ணைக் கசக்கிண்டு நிக்கப்படாது. மண்டிக்காரன் நேத்தே வந்து கேட்டுட்டுப் போயிட்டான். பெருமாள் யாருக்கு விட்டிருக்காரோ!"

பெருமாள் விடுவதற்கு முன்னால் ராமர் விடவேண்டியிருந்தது. ராமர் அதே மண்டியில் கைவண்டி இழுக்கிறவர். மத்தியானம் சோறு போடும்போது வள்ளிக்கண்ணு சொன்னாள்.

"குத்தகையா? யாரு, நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"மொதலாளி கேட்டு வச்சிருக்கிற தோப்பு அது. என் பொண்டாட்டி எடுத்தான்னா நான் அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? நாளைக்கு வண்டியத் தொட விடுவாரா?"

"விடாட்டிப் போறாரு. என் இலைய ஏத்துங்க. கூலிய நான் தரேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ராமர் தட்டைத் தள்ளவில்லை, கத்தவில்லை. கையிலிருந்த உருண்டையைத் திரும்பச் சோற்றிலேயே வைத்தார்.

"நீ கூலி குடுத்து நான் வாங்கணும்."

அவள் குழம்பை ஊற்றினாள். அவரே, வேறு யாரோ ஒருவரின் விஷயத்தை விசாரிப்பதுபோல், "பணத்துக்கு எங்க போவ?" என்று கேட்டார்.

"சீட்டு எடுக்கப்போறேன். எரநூறு ரூபா சீட்டு. அறுபது வரைக்கும் தள்ளலாம். அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் எனக்குப் பிரயோசனமில்லை. இந்த ஞாயித்துக்கிழமை எடுத்துடுவேன்."

கணக்குத் தெரிந்தவள் என்று அவருக்குக் காட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது, அதனால் சொன்னாள். ராமர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். சாயங்காலம் வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவர் வர நேரமாயிற்று.

சீட்டு நடத்தியவள் வியாகுலம்மாள். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவள். காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிந்தாமணியில் வீடு. இருபது பெண்கள், மாதம் பத்து ரூபாய். சேருகிற இருநூறை யார் அதிகம் விட்டுக்கொடுத்து எடுக்கிறார்களோ அவர்களுக்கு அந்த மாதச் சீட்டு. விட்டுக்கொடுக்கிற தொகைக்குத் தள்ளு என்று பெயர். அது இருபது பேருக்கும் அங்கேயே பிரித்துக் கொடுக்கப்படும். எடுத்தவள் மீதி மாதங்களுக்கும் பத்துப் பத்தாகக் கட்டியே தீரவேண்டும். ஏமாற்றியவர்கள் யாருமில்லை, வியாகுலம்மாள் வீடு தேடி வந்து வாசலில் நின்று சத்தமாக ஜெபம் சொல்லுவாள் என்ற பயம்.

சீட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எதற்குப் பணம் என்று யாரும் சொல்லக்கூடாது, யாரும் கேட்கக்கூடாது. உண்மையாகவே தேவைப்படுகிறவள் கடைசியாக வருவாள், கதவோரம் உட்காருவாள், கொட்டாவி விடுவாள். தேவை முகத்தில் தெரிந்தால் தள்ளு ஐந்து ரூபாய் ஏறிவிடும். அன்றைக்கு நாலாவது மாதச் சீட்டு. முந்தின இரண்டு ஏலமும் முப்பதைத் தொட்டு நின்றிருந்தன. வள்ளிக்கண்ணு கதவோரம் உட்கார்ந்து நன்றாகவே கொட்டாவி விட்டாள்.

இருளாயி எதிர்ச் சுவரில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கையில் காப்பு.

வியாகுலம்மாள் கரண்டியால் பித்தளை டம்ளரைத் தட்டினாள். "ஆரம்பிங்க புள்ளைங்களா. பத்து."

"பதினஞ்சு." "இருவது." யார் யாரோ சொன்னார்கள். வள்ளிக்கண்ணு இருபத்தைந்தில் நுழைந்தாள். முப்பதில் மற்றவர்கள் உதிர்ந்தார்கள்.

"முப்பத்தஞ்சு" என்றாள் இருளாயி.

வள்ளிக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பது."

"நாப்பத்தஞ்சு."

"ஏ அம்மா, வெயிலு ஜாஸ்திதான்" என்றாள் வளையல் விற்கும் ஆபிதா. யாரோ சிரித்தார்கள்.

"அம்பது."

"அம்பத்தஞ்சு."

வள்ளிக்கண்ணுக்கு உள்ளங்கை வேர்த்தது. தேய்த்தும் போகாத கறை ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. "அறுபது" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

வியாகுலம்மாள் டம்ளரைத் தட்டினாள். "அறுபது ஒரு தரம். அறுபது ரெண்டு தரம்…"

"அறுபத்திரெண்டு" என்றாள் இருளாயி. காப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். வள்ளிக்கண்ணைப் பார்க்கவில்லை.

கொள்ளிடக்கரையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒரு தோப்பு அந்த இரண்டு ரூபாயில் சாய்ந்தது. அறுபத்திமூன்று என்று சொல்லலாம். மூன்று ரூபாயை எங்காவது புரட்டலாம். ஆனால் இருளாயி அறுபத்தைந்து என்பாள். எழுபது என்பாள். எட்டு வருஷக் கிழிசல் இலையும், நாக்கு விழுந்த கிழவியின் கையும், ஆட்டுக்குச் சொன்ன பேச்சும் சேர்ந்து வள்ளிக்கண்ணின் நினைவுக்கு வந்தன. இவளுக்குப் பணம் வேண்டாம். நான் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அப்படியானால் எடுக்கட்டும். நல்ல விலைக்கு எடுக்கட்டும்.

"எழுபது" என்றாள். இந்தத் தடவை குரல் உடையவில்லை.

"எழுபத்திரெண்டு."

"எம்பது."

வியாகுலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வள்ளி, யோசிச்சுப் பேசு. எம்பது போனா மிச்சம் என்ன வரும் தெரியுமா?"

"எனக்குக் கணக்குத் தெரியும் ஆயாம்மா. நீங்க தட்டுங்க."

"எம்பத்திரெண்டு."

"தொண்ணூறு."

இருளாயி இங்கே நிறுத்திவிட்டால் நூற்றிப்பத்து ரூபாயோடு, தோப்புமில்லாமல், பதினாறு மாதம் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். ஒரு தரம் ஆயிற்று. ரெண்டு தரம் என்று வாய் எடுப்பதற்குள் இருளாயி சொன்னாள்:

"தொண்ணூத்தாறு."

வள்ளிக்கண்ணு முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி, முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"எனக்கு வேணாம் ஆயாம்மா. பாவம், அவசரக்காரங்க எடுத்துக்கட்டும்."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். இருநூறு ரூபாய்ச் சீட்டை நூற்றிநாலு ரூபாய்க்கு எடுத்தவள் என்று இருளாயியின் பெயர் அன்றைக்கே பாலம் தாண்டிப் போய்விட்டது. ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபது பேருக்கும் ஆளுக்கு நாலு ரூபாய் எண்பது காசு.

அழுவாள் என்று வள்ளிக்கண்ணு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். இருளாயி அழவில்லை. நூற்றிநாலையும் நிதானமாக எண்ணி இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"போதுமாக்கா?"

"உனக்குப் போதுமான்னு பாரு" என்றாள் வள்ளிக்கண்ணு.

டவுன் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் பாலத்தில் நடந்து வந்தாள். காவேரியில் தண்ணீரில்லை. மணல், அதில் ஒரு கழுதை, கழுதையின் நிழல். பாதிப் பாலம் வரைக்கும் முந்தானையில் முடிந்திருந்த நாலு எண்பது சிரித்துக்கொண்டே வந்தது. இருளாயி வயிறெரிந்த காசு என்று நினைக்க நினைக்க நடை வேகமாயிற்று. பாதிப் பாலத்துக்கு மேல் தோப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அது நாலு எண்பதாக மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சித்திரை பிறந்தது. தோப்பை மண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். புதன்கிழமை அந்தத் தோப்பு இலையை ராமர் வண்டியில் கொண்டுவந்து அவள் கடையில் இறக்கினார். மேலே நாலு நல்ல இலை.

"எங்க எடுத்துட்டேன்னு சொல்லுவியோன்னு பயந்தேன்" என்றார்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு மாலை வாங்கிப் போடுங்க" என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அடுத்த மாதச் சீட்டு ஞாயிறுக்கு முதல் நாள், கையைத் தேய்த்துவிட்டுக் குடையிலிருந்து பொட்டலத்தை எடுத்தபோது முடிச்சு வலப்பக்கம் திரும்பியிருந்தது. அவிழ்த்து எண்ணினாள். ஆறு ரூபாய் குறைந்தது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு நாள் சண்டை, இரண்டு நாள் பட்டினி, பிறகு பணம் அவர் இடுப்புக்கே போய்விடும். கேட்காவிட்டால்? திருடுகிறவன் தலை நிமிராது. இருபது வருஷத்துக்கு மேல் தான் கையை நீட்டி நின்ற இடத்தில் இப்போது அவர் கையை ஒளித்துக்கொண்டு நிற்கிறார். அது மாதம் ஆறு ரூபாய்க்கு மலிவு என்று அவளுக்குப் பட்டது. சனிக்கிழமை மண்டியில் கூலி நாள். கூட்டாளிகளோடு ஊர்சுற்ற எடுக்கிறார் என்று தானே ஒரு காரணமும் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு மாதமும் அதே சனிக்கிழமை, அதே ஆறு ரூபாய், அதே வலப்பக்க முடிச்சு. கேட்கவில்லையே தவிர, விடவுமில்லை.

"வீட்டுல எலி வந்திருக்கு" என்று சோறு போட்டுக்கொண்டே சொல்லுவாள். "படிச்ச எலி. ஆறு வரைக்கும் எண்ணத் தெரியுது."

"எலின்னா பூனை வளத்துக்க" என்பார் ராமர், தட்டைப் பார்த்தபடி.

"பூனை எதுக்கு? எலி மீசையைப் பாத்தாலே எனக்கு அடையாளம் தெரியுது."

அவர் மீசையைத் தடவப்போன கையைக் கீழே போடுவார். அந்தக் கை கீழே விழுவதைப் பார்க்கிற சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கும். சந்தோஷம் என்றுதான் அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

சீட்டை அவள் எடுக்கவேயில்லை. தோப்பு போன பிறகு அவசரம் என்ன? கடைசி மாதம் வரை காத்திருந்தாள். கடைசி ஆளுக்கு ஏலமில்லை, தள்ளுமில்லை. அவளை எதிர்த்துக் கேட்க ஒருத்தியும் மிச்சமிருக்கமாட்டாள். அறுபதாம் வருஷம் ஆகஸ்டில் வியாகுலம்மாள் முழு இருநூறையும் எண்ணி அவள் கையில் வைத்தாள். இருளாயிக்கும் அதுதான் கடைசித் தவணை. அவள் பத்து ரூபாய் வந்து சேர்ந்திருந்தது; ஆள் வரவில்லை.

அந்த இருநூறை எடுத்துக்கொண்டு வேதாந்தத்தின் வாசலுக்குப் போனாள். "இப்போ முன்னூறு கேக்கறேண்டி. அதுவும் மண்டிக்காரன் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கிண்டுட்டான்" என்றார். திரும்பி வந்து கையைத் தேய்த்தாள். இருநூறையும் சருகில் சுருட்டி, இடப்பக்க முடிச்சுப் போட்டுக் குடைக்குள் வைத்தாள். செலவழிக்க மனசு வரவில்லை. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அறுபத்திரெண்டு என்று ஒரு குரல் கேட்டது.

அதற்கடுத்த மாதத்திலிருந்து முடிச்சு மாறவில்லை. சனிக்கிழமை வந்தது, போயிற்று. பொட்டலம் வைத்தபடியே இருந்தது. எலி பயந்துவிட்டது, தான் ஜெயித்துவிட்டோம் என்று வள்ளிக்கண்ணு நினைத்தாள். கடையில் அன்றைக்கு ஆட்டுக்கு ஒரு முழு நுனி இலையே போட்டாள்.

அறுபத்துநாலில் ராமர் மண்டி வாசலில் வண்டியைப் பிடித்தபடியே விழுந்து செத்துப்போனார். இருளாயி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மச்சானே, வாக்குத் தவறாத மகராசனே" என்று ஒப்பாரி வைத்தாள். வள்ளிக்கண்ணு பிணத்தின் பக்கத்திலேயே, அதன் இரண்டு கைகளையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லியும் தண்ணீர் எடுக்கப் போகவில்லை.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான், சீட்டெல்லாம் நிறுத்திவிட்டுப் படுக்கையில் கிடந்த வியாகுலம்மாளிடமிருந்து அந்த விஷயம் வெளியே வந்தது. வள்ளிக்கண்ணிடம் மட்டும் அதை யாரும் போய்ச் சொல்லவில்லை. சீட்டு நோட்டில் ஐந்தாவது மாதத்திலிருந்து இருபதாவது மாதம் வரை, இருளாயியின் பத்து ரூபாய்க்கு நேரே இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன: இருளாயி நாலு, ராமர் ஆறு. "அறுபதுக்கு மேல கேளு, வள்ளி எடுக்கக்கூடாது, எவ்வளவு நஷ்டமானாலும் நான் கட்டுறேன்" என்று ஏலத்துக்கு முன்னாலேயே ராமர் இருளாயிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றாறு ரூபாயையும் கட்டி முடித்தார்.